கோடி என்று சொல்லாத ஊர்

பஸ்ஸு பெத்தனேரி எல்லைக்கல்லைத் தாண்டிடுச்சு இல்லையா, இனிமே நான் அந்த வார்த்தையைச் சொல்லலாம், யாருக்கும் எதுவும் ஆகாது, கோடி, கோடி, கோடி, பாருங்க, வாயிலருந்து வந்து காத்துல போயிடுச்சு, அவ்வளவுதான், இதையே கல்லுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்லியிருந்தேன்னா இந்நேரம் யார் வீட்டு வாசல்லயோ துணி விழுந்திருக்கும். பக்கத்து சீட்டுல உக்காந்துட்டீங்க, அதனால சொல்றேன், நாளைக்கு எங்க ஊர்ப் பக்கம் பொண்ணெடுக்கவோ நெலம் வாங்கவோ வந்து, விவரம் தெரியாம மாட்டிக்கக் கூடாது பாருங்க. என் பேரு நாகவேணி, ஏரி வீதி முக்குல ஜாக்கெட் தைக்கிற கடை வெச்சிருக்கேன், வீட்டுல பேசறது தெலுங்கு, கடையில பேசறது தமிழ், கோவம் வந்தா ரெண்டும் கலந்து வரும்.

எங்க ஊரு தமிழ்நாடும் ஆந்திராவும் கர்நாடகாவும் தோளோட தோள் இடிச்சுக்கிற எடம், ஒரே வீதியில ஒரு வீட்டுல தமிழ் பேசுவாங்க, அடுத்த வீட்டுல தெலுங்கு, அதுக்கடுத்த வீட்டுல கன்னடம், டீக்கடை விஸ்வம்பரன் ஒருத்தருக்கு மட்டும் மலையாளம், ஆனா இந்த ஒரு வார்த்தை மட்டும் எல்லார் வாயிலயும் இருந்துச்சு. தெலுங்கு பேசற எங்களுக்குக் கோடின்னா கோழி. கன்னடக்காரங்களுக்கு ஏரி நெறைஞ்சு வழியிறது. தமிழ்க்காரங்களுக்கு அது நூறு லட்சம், அப்புறம் தெருவோட கடைசி, அப்புறம் சாவு வீட்டுல போடற புதுத்துணி. விஸ்வம்பரனுக்கும் அது புதுத்துணிதான், ஆனா ஓணத்துக்கு உடுத்தற துணி, சிரிச்சுக்கிட்டு வாங்கற துணி. சாவுக் கோடியைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் எங்க ஊர் வழக்கத்தைச் சொல்லிடறேன், புருஷன் செத்தா பொறந்த வீட்டுலருந்து அண்ணனோ தம்பியோ கோடி கொண்டாந்து பொம்பளை தோள்ல போடணும், பொண்டாட்டி செத்தா அதே மச்சான்தான் புருஷன் தோள்லயும் போடணும், அப்பத்தான் அந்தச் சாவு முடிஞ்சதா அர்த்தம். இவ்வளவையும் ஒரே வார்த்தைக்குள்ள வெச்சுக்கிட்டு எந்தத் தகராறும் இல்லாமத்தான் இருந்தோம்.

ஏரி பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்த ஒரு வருஷம், காலையில, ஏரிக்கரையில ஒரு மீட்டிங். வந்திருந்த ஆபீசர் தூர் வாரறதுக்கு ஒரு கோடி ஆகும்னு சொல்ல வாயைத் தொறந்தார், ஏரிச் சங்கத் தலைவர் கெம்பண்ணா அவர் பாஷையில கெரெ கோடி பித்ரெ சாக்குன்னு, ஒருவாட்டி ஏரி வழிஞ்சாப் போதும்னு, பெருமூச்சு விட்டார், நான் என் செவப்புக் கோழியைக் காணாம நா கோடி ஏதின்னு கத்திக்கிட்டு வந்தேன், தெக்கு வீதியில ஒரு சாவு, கோடி எடுத்தாச்சாடான்னு ஒருத்தன் இன்னொருத்தனைக் கேட்டான், தெருக்கோடியில நில்லுன்னு எவளோ கொழந்தையை அதட்டினா, டீக்கடைக்குள்ள விஸ்வம்பரன் பாலை ஆத்திக்கிட்டே ஓணக்கோடி வாங்கணும்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டார், இத்தனையும், ஏங்க, ஒரே நொடியில, மேளக்காரங்க அத்தனை பேரும் ஒரே அடியா அடிச்ச மாதிரி. அப்புறம் மேகமில்லாம மழையில்லாம ஏரி நெறைய ஆரம்பிச்சுது.

அடியிலருந்து ஊறி, கலங்கல் கல்லு விளிம்பு வரைக்கும் வந்து ஏரி ததும்பி நின்னுச்சு. தண்ணிக்குள்ளருந்து கோழிங்க நடந்து வந்துச்சு, எல்லாம் செவப்பு, ஒரு எறகு கூட நனையல. ஆபீசர் தலைக்கு மேல ஈசல் கெளம்பி வெயிலையே மறைச்சிடுச்சு, அது எத்தனை கோடின்னு எண்ணறதுக்கு ஆளில்ல, மனுஷன் ஃபைலைத் தலையில கவுத்துக்கிட்டு ஜீப்புக்கு ஓடினார். பிள்ளையார் கோயில் வீதியில கடைசி வீடு தருமனோடது, அந்த வாசல்ல ஒரு துணி விழுந்து கெடந்துச்சு, மடிப்புக் கலையாத கோரா வெள்ளை, கரையும் இல்ல சரிகையும் இல்ல, கஞ்சி வாசனை மட்டும். தருமன் பொண்டாட்டி குப்பம்மாவோட தம்பி அன்னிக்கு அங்க வந்திருந்தான், வானத்துலருந்து உனக்குச் சீர் வந்திருக்குக்கான்னு வெளையாட்டா அதை எடுத்து அவ தோள்ல போட்டான், எல்லாரும் சிரிச்சோம், நானும்தான், அப்பத்தான் ஏரி கல்லைத் தாண்டி வழிஞ்சுது. பொழுது சாயறதுக்குள்ள தண்ணி கட்டப் போன தருமன் வரப்புல உக்காந்தான், உக்காந்தவன் எந்திரிக்கவே இல்ல.

இது ஏன் நடந்துச்சு, எப்படி நடந்துச்சுன்னு எங்க ஊருல யாரும் ரொம்ப நாள் மண்டையை ஒடைச்சுக்கல. நடந்துச்சு, அவ்வளவுதான், அம்மை போடுது, ஆடு குட்டி போடுது, அது மாதிரி இதுவும். இனிமே இதோட எப்படிக் குடித்தனம் பண்றதுங்கிறதுதான் எங்க கவலையா இருந்துச்சு. யாராவது வாய் தவறிச் சொன்னப்போ எல்லாம் ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டோம். எந்த பாஷையில சொன்னாலும் வந்தா எல்லாம் சேர்ந்துதான் வரும், தண்ணி மட்டும் வா, கோழி மட்டும் வான்னா வராது. துணி எப்பவும் ஏதாவது ஒரு தெருவோட கடைசி வீட்டுலதான் விழும். விழுந்த துணியைப் பொம்பளையோட அண்ணன் தம்பி எடுத்துப் போட்டாத்தான் அது செல்லும், அப்படிப் போடலைன்னா தண்ணி வழியாம நின்னு, வந்த வழியே திரும்பிடும், கூடப்பொறந்தவன் இல்லாத ஒருத்தி வீட்டுல விழுந்தப்போ ஏரி மறுபடி தரை காஞ்சதை நாங்க கண்ணால பார்த்தோம். அப்புறம் கடைசியா ஒண்ணு, துணி யார் தோள்ல விழுதோ அவங்க மிச்சம், சோடி போயிடும். வடக்கு வீதியில நாளெல்லாம் அடிச்சுக்கிற ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க, அங்க விழுந்தப்போ அந்தாளு எனக்குப் போடு மச்சான்னு தோளைக் காட்டினான், போட்டாங்க, அவ போனா, இப்ப அவன் கோயில் வாசல்ல உக்காந்து போறவங்க வர்றவங்க கிட்டெல்லாம் அவ பேரைச் சொல்லி அழுவறான்.

வேடிக்கையைக் கேளுங்க. முதல்ல தண்ணி வந்தப்போ அந்த வார்த்தை எங்களுது எங்களுதுன்னு எல்லாரும் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க. கன்னடக்காரங்க ஏரி வழிஞ்சுது, அதனால எங்க வார்த்தைன்னாங்க. எங்க ஆளுங்க கோழி உயிருள்ளதுடா, உசுரு முதல்ல, அப்புறம்தான் தண்ணின்னாங்க. தமிழ் வாத்தியார் வளைவு, கடைசி, புதுசுன்னு வேரைப் புடிச்சு இழுத்து ஒரு மணி நேரம் பேசினார், நூறு லட்சத்துக்கு மட்டும் வேர் வடக்க போகுதுன்னு ஐயர் ஒருத்தர் குறுக்க வந்தார், விஸ்வம்பரன் கூட எங்களுதும் ஒண்ணு உண்டேன்னு டீக்கிளாஸைத் தூக்கிக் காட்டினார். தருமன் செத்தான், அடுத்தது இன்னொரு வீட்டுல சாவு, அதோட பேச்சே மாறிடுச்சு, ஐயையோ அது எங்க வார்த்தை இல்லப்பா, நாங்க உங்ககிட்டருந்து எடுத்தது, இல்ல இல்ல நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு ஆளாளுக்கு அடுத்தவன் வீட்டுத் திசையைக் கை காட்டினாங்க. இப்ப அந்த வார்த்தைக்கு எங்க ஊருல சொந்தக்காரங்களே கெடையாது.

அதனால சொல்றதை விட்டுட்டோம். கோழியை றெக்கைக்காரின்னோம், ஏரியை நெறைஞ்சு போச்சுன்னோம், பள்ளிக்கூடத்துல நூறு லட்சம்னு சொல்லித் தந்தாங்க, சாவுத் துணிக்குப் பேரே இல்லாம அதைன்னு மட்டும் சொல்லப் பழகிக்கிட்டோம். ஓட்டு கேக்க வர்ற தலைவருங்களை என்ன பண்றது, அவங்க வாயில அந்த வார்த்தை இல்லாம ஒரு வாக்கியம் வருமா, அதனால அவங்க மைக்கைப் புடிச்சதுமே பம்பைக்காரங்களை விட்டு அடிக்க வெச்சோம், என்ன பாசம்டா இந்த ஊருக்குன்னு அவங்க கும்பிட்டுக்கிட்டே போவாங்க. டிவியில நியூஸ் போட்டா சத்தத்தைக் கொறைச்சிடுவோம். பேசவே வராத கொழந்தைக்கு முதல்ல நாங்க சொல்லிக் குடுத்தது சொல்லக் கூடாத அந்த ஒண்ணைத்தான், காதுல மெதுவா, எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போய்.

ஆனா கடைசி வீட்டு விஷயம் அப்படி லேசாத் தீரல. தெருன்னு ஒண்ணு இருந்தா கடைசின்னு ஒண்ணு இருந்துதானே ஆகணும். கடைசி வீட்டுக்காரன் தன் வீட்டுக்கு அப்பால ஒரு சோடி பொழங்கற வீடு இருந்தா நல்லதுன்னு யோசிச்சான், அவன் அங்க ஒருத்தரைக் கொண்டாந்து குடி வெச்சான், வந்தவன் விவரம் தெரிஞ்சதும் தனக்கப்பால இன்னொருத்தனுக்கு எடம் தேடினான், இப்படியே எங்க தெருவெல்லாம் நீள ஆரம்பிச்சுது. வயல்ல போய், ஓடைக்கரையில போய், சுடுகாட்டு வேலி வரைக்கும் போய் நின்னுச்சு தெரு. வெளியூர்லருந்து பொழைக்க வந்தவங்களுக்கும், வேத்து சாதியில கட்டிக்கிட்டு அப்பன் வீட்டுல சேக்காத சோடிங்களுக்கும் எங்க ஊரு மாதிரி எடம் குடுத்த ஊரு வேற எதுவும் இருக்காது, சும்மா குடுத்தோம், மண்ணு குடுத்து மூங்கில் குடுத்து கூடமாட நின்னு கட்டியும் குடுத்தோம். எவ்வளவு நல்ல ஊருன்னு வந்தவங்க கண்ணுல தண்ணி விட்டாங்க. அதைப் பார்க்க முடியாம நான் கடைக்குள்ள போயிடுவேன், ஆனா நானும் அந்த ஏரித் தண்ணியைத்தான் குடிச்சேன்.

மாதேஸ்வரி அப்படித்தான் கடைசி வீட்டுக்குப் போனா. அவ எங்க ஏரி வீதிப் பொண்ணு, அப்பன் ஆத்தா இல்ல, அண்ணன் முனிராஜ்தான் வளத்தான், தோள்லயே போட்டு வளத்தான், அதுல பொய் சொல்லக் கூடாது. ஏரிக்குக் கீழ அவனுக்கு நஞ்சை உண்டு, தெருவுல கடைசி வீடும் அவனோடதுதான். அவ விஸ்வம்பரனைத்தான் கட்டுவேன்னு நின்னப்போ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான், கல்யாணத்துக்கு வரல, ஒரு வருஷம் பேசல. அப்புறம் ஒருநாள் அவனே டீக்கடைக்கு வந்து, வாடகை வீட்டுல எதுக்குக் கஷ்டப்படறீங்க, என் வீட்டுக்கப்பால எடம் சும்மாத்தான் கெடக்கு, கட்டிக்கோங்கன்னான். விஸ்வம்பரனுக்கு சந்தோஷம் தாங்கல, அளியன், அவர் பாஷையில மச்சான், மனசு மாறிட்டார்னு கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் அன்னிக்கு ஓசி டீ. மாதேஸ்வரி மட்டும் அண்ணன் மூஞ்சியை ரொம்ப நேரம் பார்த்தா. அவன் தன்னோட ரெண்டு புள்ளைங்க பேரைச் சொல்லி, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு வேகமாப் போயிட்டான்.

"ஏண்டி, தெரிஞ்சேவாடி போறே?"ன்னு நான் கேட்டேன்.

"வேண்டாம்னா அவன்தானேக்கா கடைசி வீடு, அவனுக்குப் புள்ளைங்க இருக்கு"ன்னா. "யாரும் சொல்லாம இருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

யாரும் சொல்லாமத்தான் இருந்தோம், போன கோடைக்கு ஏரி மறுபடி வெடிக்கிற வரைக்கும். அந்த வருஷம் கெணறும் போச்சு, போரும் போச்சு, மாடுங்களை ஓட்டிட்டுப் போய் சந்தையில விட்டுட்டு வெறுங்கையோட திரும்பினாங்க. ஆடி போய் ஆவணி பொறந்தும் ஒரு தூத்தல் இல்ல. அப்பத்தான் கெம்பண்ணா ஏரிக்கரை அரசமரத்தடியில எல்லாரையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷன்னு சொல்ல மாட்டேன், காஞ்சது அவர் வயல் மட்டும் இல்ல, ஊரு வயலெல்லாம்தான், அவர் அதைப் பார்த்து நிஜமாவே சாப்பிடாம கெடந்தார்.

"நான் யாருக்கும் கெடுதல் செய்யல"ன்னார். "நான் வாயைத் தொறக்கறேன், அவ்வளவுதான். எந்தத் தெருவுல விழும்னு எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

"விழுந்த வீட்டுல போய் நின்னு இதைச் சொல்வீங்களா கெம்பண்ணா?"ன்னு நான் கேட்டேன், எனக்கு நாக்குத் துடிச்சுது.

"உன் மெஷினுக்கு எண்ணெய் விட்டா ஓடிடும் நாகவேணி. வயலுக்கு எதை விடறது, நீயே சொல்லு."

எல்லாரும் தரையைப் பார்த்தாங்க, வேண்டாம்னு ஒரு வாயும் தொறக்கல, சரின்னும் ஒரு வாயும் தொறக்கல. எங்க ஊருல ஒண்ணை முடிவு பண்ற விதம் அதுதான். கூட்டத்துல கடைசி வீட்டுக்காரங்க யாருமே இல்லங்கிறதை நான் அப்புறம்தான் கவனிச்சேன், அவங்களுக்குச் சொல்லியே விடல. முனிராஜ் இருந்தான், குச்சியால மண்ணைக் கீறிக்கிட்டே இருந்தான். கெம்பண்ணா கரை மேல ஏறினார், மருமவ செம்புல கொண்டாந்து தந்த தண்ணியில வாய் கொப்பளிச்சார், ஊருல அன்னிக்கு மிச்சமிருந்த தண்ணியே அவ்வளவுதான்னு நெனைக்கிறேன், ஏரியைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னார், கத்தல, கொழந்தையைக் கூப்பிடற மாதிரி மெதுவாச் சொன்னார்.

ஈசல் கெளம்புச்சு. ஏரி அடியிலருந்து ஊறுச்சு. கோழிங்க கரையேறி வரிசையா ஊருக்குள்ள நடந்துச்சு, அதுங்க எந்தத் தெருவுல திரும்புதோ அங்கதான் துணி விழும்னு நாங்க அத்தனை பேரும் மூச்சைப் புடிச்சுக்கிட்டுப் பின்னாடியே போனோம், பிள்ளையார் கோயில் வீதியைத் தாண்டுச்சு, அங்க ஒருத்தி ஓன்னு அழுதா, நிம்மதியில அழுதா, வடக்கு வீதியைத் தாண்டுச்சு, ஏரி வீதியில திரும்புச்சு, என் கடையைத் தாண்டுச்சு, முனிராஜ் வீட்டைத் தாண்டி அப்பால போய் நின்னுச்சு. மாதேஸ்வரி வாசல் கூட்டிக்கிட்டு இருந்தா. துணி அவ காலடியில கெடந்துச்சு. அவ கையில இருந்த வெளக்கமாத்தைக் கீழ போடக்கூட இல்ல, எங்களை ஒவ்வொருத்தரா பார்த்தா, பார்க்கப் பார்க்க நாங்க ஒவ்வொருத்தரா நழுவினோம்.

அன்னிக்கே ரெண்டு பேரும் பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாங்க. யாரும் மறிக்கல, சத்தியமாச் சொல்றேன், ஒருத்தர் கூட ஒரு வார்த்தை பேசல. சும்மா வந்து ரோட்டுல நின்னாங்க. புள்ளைத்தாச்சிங்க நின்னாங்க, கைக்கொழந்தைக்காரிங்க நின்னாங்க, நாலு நாளாக் குளிக்காத பள்ளிக்கூடப் பசங்க நின்னாங்க. டிரைவர் பார்த்தான், இஞ்சினை நிறுத்திட்டு எறங்கி பீடி பத்த வெச்சான். கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு மாதேஸ்வரி பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிட்டா, விஸ்வம்பரனும் பின்னாடியே போனார்.

முனிராஜ் கதவைச் சாத்திக்கிட்டான். தண்ணி கலங்கல் விளிம்பு வரைக்கும் வந்து அப்படியே நின்னுக்கிட்டு இருந்துச்சு, வழியவும் இல்ல, எறங்கவும் இல்ல, கதவைத் தட்டிட்டு நிக்கிற ஆளு மாதிரி. ஊருல யாரும் அவனைத் திட்டல, மெரட்டல. ஒருத்தர் முறத்துல கத்திரிக்காய் கொண்டாந்து குடுத்து, தண்ணி நிக்குது முனிராஜுன்னு சொல்லிட்டுப் போவாரு. இன்னொருத்தி சொம்புல மோர் கொண்டாந்து வெச்சு, தண்ணி நிக்குதுப்பான்னு சொல்லிட்டுப் போவா. அவன் புள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துலருந்து வீடு வரைக்கும் ஆளுங்க அன்பாக் கொண்டாந்து விட்டாங்க, பொழுதுக்கும் தலையைத் தடவிக் குடுத்தாங்க. அதுலதான் அவன் ஒடைஞ்சான். தங்கச்சி வீட்டுக்கு ஓடி வந்து படியில விழுந்தான், நான் உள்ள இருந்தேன்.

"நான் போட மாட்டேன் மாதேசு. ஏரி வத்திட்டுப் போகட்டும், எவன் என்ன பண்ணுவான்?"

"உன் புள்ளைங்க தலையைத் தடவறாங்களேண்ணா, பார்க்கல?"

அவன் துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டான்.

"எடம் பார்த்துக் குடுத்தவன் நீதானே"ன்னா அவ. கோவமாச் சொல்லல. "குடுக்கறப்போ தெரியாமயா குடுத்தே?"

"தெரியும்"னான். தலையில அடிச்சுக்கிட்டு அழுதான், நான் பெத்த புள்ளைங்களை நெனைச்சேண்டி, உன்னை நெனைக்கலடின்னு ஊளையிட்டான். அவ அவனுக்குத் தண்ணி மொண்டு குடுத்தா.

விஸ்வம்பரன் மட்டும்தான் அந்த வீட்டுல பயப்படாம இருந்தார். மனுஷனுக்கு ஒரு யோசனை வந்திருந்துச்சு, அதை நெனைச்சு நெனைச்சு முகமே தெளிஞ்சு போயிருந்துச்சு. "நாகவேணி சேச்சி, இங்க எல்லாரும் அதைச் சாவாத்தான் கண்டிருக்காங்க, அதான் சாவு வருது. நான் பொறந்ததுலருந்து அதை ஓணத்துக்குத்தான் கண்டிருக்கேன். நாளை மறுநாள் திருவோணம். என் தோள்ல போடட்டும். என் தோள்ல அது ஓணம்தான், வேற ஒண்ணும் ஆகாது, ரெண்டு பேரும் இருப்போம், ஏரியும் வழியும், நீங்க பாருங்க"ன்னார்.

அட கடவுளே, வடக்கு வீதிக்காரன் தோளைக் காட்டின கதை தெரியாதாய்யா உனக்குன்னு சொல்ல நான் வாயெடுத்தேன். மாதேஸ்வரி கீழ என் காலை மிதிச்சா. அப்புறம் என்னைக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போனா, பூ பறிக்கிற சாக்குல.

"அக்கா, அவர் தோள்ல போட்டா அவர் மிச்சம். அது நம்ம பாஷையிலயும் அப்படித்தான், அவர் பாஷையிலயும் அப்படித்தான்."

"ஒருவேளை அவர் சொல்றது பலிச்சிட்டா?"

"பலிச்சா நல்லதுதானே, ரெண்டு பேரும் பாயசம் குடிப்போம்." செம்பருத்தியை ஒடிச்சு மடியில போட்டா. "பலிக்கலைன்னா அவர் நடந்து அவர் ஊருக்குப் போயிடுவார். எனக்குப் போட்டா அவரு இந்த மண்ணுல கெடக்கணும், நான் அந்தத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு, இவங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இங்க இருக்கணும்."

"உனக்குப் பயமா இல்லையாடி பாவி?"

"பயமாத்தான் இருக்குக்கா"ன்னு கையை என் பக்கம் நீட்டினா. நான் அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டேன். என்னால அழுகையை அடக்க முடியல, அவதான் என்னைத் தேத்தினா.

திருவோணத்தன்னிக்கு விடியறப்பவே விஸ்வம்பரன் குளிச்சுச் சந்தனம் வெச்சுக்கிட்டு வாசல்ல பூக்கோலம் போட்டார், தும்பையும் செம்பருத்தியும் பூசணிப் பூவும், எங்க ஊருல கெடைச்சதை வெச்சு. ஊரு முழுக்க வந்து தெருவுல நின்னுச்சு, ஆனா முனிராஜ் வீட்டைத் தாண்டி ஒருத்தர் வரல, அங்க ஒரு கோடு போட்ட மாதிரி நின்னுட்டாங்க. முனிராஜ் ரெண்டு உள்ளங்கையிலயும் துணியை ஏந்திக்கிட்டு வந்தான். வாசல்ல வந்து தங்கச்சியைப் பார்த்தான்.

அண்ணன் தங்கச்சி பொறந்த வீட்டுல பேசறது கன்னடம், விஸ்வம்பரனுக்கு அது ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் வரல. அந்த பாஷையிலதான் மாதேஸ்வரி சொன்னா, எனக்கு அரையும் குறையுமா புரியும். "அவருக்குப் போடுண்ணா. ஓணத்துக்குப் போடற மாதிரி சிரிச்சுக்கிட்டே போடு, அவருக்குத் தெரியக் கூடாது."

முனிராஜுக்குப் புரிஞ்சுது, புரிஞ்ச எடத்துலயே கல்லா நின்னுட்டான். அவ அவன் முழங்கையைப் புடிச்சு மெதுவா முன்னாடி தள்ளினா, சின்னப் புள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குள்ள தள்ளற மாதிரி. அவன் சிரிச்சான். அந்த மாதிரி ஒரு சிரிப்பை நான் இன்னொருவாட்டி பார்க்கக் கூடாது சாமி. சிரிச்சுக்கிட்டே துணியை ஒதறி விஸ்வம்பரன் தோள்ல போட்டான்.

விஸ்வம்பரன் அவனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டார், வருஷக்கணக்கா அதுக்குத்தான் காத்திருந்த மாதிரி விடவே இல்ல. மாதேஸ்வரி எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "இருங்க, பாயசம் தீஞ்சிடப் போகுது"ன்னு சொல்லிட்டு உள்ள போனா. கதவுகிட்ட ஒருவாட்டி திரும்பி அவரைப் பார்த்தா, அந்தத் துணி அவருக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அவர் தெருவுல எறங்கி ரெண்டு கையையும் விரிச்சு, "கண்டோ? எல்லாரும் கண்டோ? ஒண்ணும் ஆகல!"ன்னு சுத்திச் சுத்திக் காட்டினார். தெருவுல நின்னவங்க அவரைப் பார்க்கல, ஏரிப் பக்கம் காதைத் திருப்பி வெச்சுக்கிட்டு நின்னாங்க.

அப்பத்தான் கலங்கல்லருந்து அந்தச் சத்தம் வந்துச்சு, தண்ணி கல்லைத் தாண்டி விழற சத்தம், எத்தனை மாசத்துக்கப்புறம். ஒரு நொடியில தெரு காலி, பானையும் கொடமும் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஓடறாங்க, கெம்பண்ணா வேட்டி அவிழறது தெரியாம ஓடறார், கூட நின்ன பொம்பளைங்க குலவையிட்டுக்கிட்டே ஓடறாங்க. நானும் விஸ்வம்பரனும் முனிராஜும்தான் அங்க நின்னோம். விஸ்வம்பரன் கண்ணுல தண்ணி நிக்காம வழியுது, சந்தோஷத்துல வீட்டைப் பார்த்துக் கத்தினார், "மாதேஸ்வரீ, கேக்குதா, வழிஞ்சுது, வா, ஓடி வா, நமக்கு ஒண்ணும் ஆகல!"

உள்ளருந்து பாயசம் அடிப்புடிச்ச வாசனைதான் வந்துச்சு. எப்பப் போனானோ தெரியல, முனிராஜ் வீட்டுக்குள்ளருந்து வெளிய வந்து வாசப்படியை அடைச்சுக்கிட்டு நின்னான், ரெண்டு கையையும் நெலையில ஊனி.

"மாப்ளே, கொஞ்ச நேரம் வெளியவே நில்லுங்க."

"எதுக்கு? தண்ணி வர்ற சத்தத்துல அவளுக்குக் கேக்கல போல. நான் போய்க் கூப்பிடறேன்"னார் விஸ்வம்பரன்.

"நான் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்"னு சொன்னான் முனிராஜ்.